மீட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது, அடுத்து என்ன செய்வது? பேய் உலவும் நூலகத்தில் கருவிகளின் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் எவன்ஸ்வில் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1885-இல் திறந்த வில்லர்ட் நூலகம் செங்கல்லால் கட்டிய கோதிக் பாணிக் கட்டடம். 1937-இல் ஒரு பனிக்கால இரவில் கணப்பு உலையைப் பார்க்க அடித்தளத்துக்கு இறங்கிய பணியாளர், சாம்பல் நிற உடையும் முகத்திரையும் அணிந்த ஒரு பெண்ணைக் கண்டதாகச் சொன்னார். அதிலிருந்து அவளுக்குச் சாம்பல் சீமாட்டி என்று பெயர். திடீரென்று வீசும் வாசனைத் திரவிய மணம், ஓர் இடத்தில் மட்டும் சில்லென்ற குளிர், தானாகத் திறந்துகொள்ளும் தண்ணீர்க் குழாய் என்று அவளைப் பற்றிய பேச்சு இன்றுவரை தொடர்கிறது. 1999-இல் அந்த ஊர்ச் செய்தித்தாள் நூலகத்துக்குள் கேமராக்களைப் பொருத்தி, உலகத்தில் எங்கிருந்தும் இணையத்தில் பார்க்க வழி செய்தது. அவள் நூலகத்தை நிறுவிய வில்லர்ட் கார்ப்பெண்டரின் மகள் லூயிஸ் என்பது பலருடைய ஊகம். அப்பா சொத்தை நூலகத்துக்கு எழுதி வைத்ததை எதிர்த்து வழக்குப் போட்டுத் தோற்றவர் அவர்.

எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். அதனால்தான் அங்கேயோ, அதுபோன்ற வேறொரு நூலகத்துக்கோ கருவிப் பையோடு போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பையில் உள்ள எந்தக் கருவியும் ஆவியை அளக்கச் செய்ததில்லை. ஒன்று மின்காந்தப் புலத்தை அளக்கிறது, ஒன்று வெப்பத்தை, ஒன்று ஒலியை. அது சத்தம் போட்டால் முதலில் கருவியைச் சோதியுங்கள். அப்புறம் கட்டடத்தை. இரண்டும் சரி என்றால்தான் மிச்சம் இருப்பதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். கீழே அறிகுறி வாரியாகச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், ஊழியர் ஒருவர் கூட இருக்கும்போது, தரைப்படத்தை இரண்டு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் புலம், வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பகல் குறிப்பு கையில் இல்லாமல் இரவில் எடுக்கும் எந்த அளவையும் எதோடும் ஒப்பிட முடியாது.

அறிகுறி: தலைவலி, குமட்டல், யாரோ பின்னால் நிற்கிற உணர்வு, நடக்கும் ஓசை

இது கருவி காட்டும் அறிகுறி இல்லை, உங்கள் உடம்பு காட்டுவது. ஆனாலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் உயிர் போகிற விஷயம். பழைய நூலகங்களின் அடித்தளத்தில் எரிவாயுவிலோ எண்ணெயிலோ ஓடும் உலைகள் உண்டு. புகைபோக்கி அடைத்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அறைக்குள் சேரும். 1921-இல் அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தைப் பதிவு செய்தார். 1912-இல் ஒரு பழைய வீட்டுக்குக் குடிபோன அவர்களுக்கு யாரும் இல்லாத மாடியில் காலடி ஓசை கேட்டது, அந்நியர்கள் கண்ணில் பட்டார்கள், குழந்தைகள் வாடிப் போனார்கள், வீட்டுச் செடிகள்கூடச் செத்தன. கடைசியில் உலை பழுதாகிப் புகை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்ததும் பேய்களும் போய்விட்டன.

ஆகவே பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று பையில் கட்டாயம் இருக்கட்டும். அது கத்தினாலும் சரி, கத்தாமலேயே இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தாலும் சரி, எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். கருவிகளை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: கே-2 மீட்டரில் விளக்குகள் ஏறி இறங்குகின்றன

மின்காந்தப் புலத்தை அளக்கும் சிறு கருவி இது, பேய் தேடுவோர் கையில் அதிகம் பார்ப்பதும் இதைத்தான். ஐந்து விளக்குகள். முதல் பச்சை, மீட்டர் இயங்குகிறது என்பதற்கு மட்டும். சிவப்பு எரிந்தால் புலம் 20 மில்லிகாஸுக்கு (காந்தப் புலத்தை அளக்கும் அலகு) மேல் என்று பொருள். நடுவில் உள்ளவை இடைப்பட்ட அளவுகள். 50 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள மாறும் புலங்களைப் பிடிக்கும் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். சுவருக்குள் ஓடும் மின்சாரம் அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இங்கிலாந்திலும் நம் ஊரிலும் 50. அதாவது இந்த மீட்டர் செய்யப்பட்ட வேலையே சுவரில் உள்ள மின்சாரத்தைக் கண்டுபிடிப்பது.

இதே வரிசையில் பாருங்கள்.

முதலில் கைப்பேசி. ஏரோப்ளேன் மோடு போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அணைத்து வெளியே வைத்துவிடுங்கள். வாக்கி-டாக்கி, புளூடூத் இயர்போன், ஸ்மார்ட் வாட்ச் எல்லாமே. ஒருமுறை அடித்தள அறை ஒன்றில் நாற்பது நிமிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டிருந்தோம். மீட்டர் அவ்வளவு ஒழுங்காகப் பதில் சொன்னது. கூட வந்த நண்பரின் சட்டைப்பையில் இருந்த கைப்பேசி சிக்னல் கிடைக்காமல் கோபுரத்தைத் தேடித் தேடி அலைந்ததுதான் அத்தனையும். அந்த நாற்பது நிமிடப் பதிவையும் அழிக்க வேண்டியதாயிற்று.

அடுத்து மீட்டரைத் திருப்புங்கள். கே-2 ஒரே அச்சில்தான் அளக்கும். அதே இடத்தில் நிமிர்த்தி, சாய்த்து, பக்கவாட்டில் என்று மூன்று தடவை எடுத்து மூன்றையும் எழுதுங்கள். கை திரும்பியதால் விளக்கு ஏறியதை, எதுவோ கிட்டே வந்ததாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் மீட்டரைச் சுவரோடு ஒட்டிக் கொண்டுபோங்கள். சுவரை நெருங்க நெருங்க ஏறினால் உள்ளே கம்பி இருக்கிறது. 1880-களிலிருந்து 1940-கள் வரை அமெரிக்கக் கட்டடங்களில் பீங்கான் குமிழ்களிலும் குழாய்களிலும் இரண்டு கம்பிகளைத் தனித்தனியே, இடைவெளி விட்டு ஓட்டும் முறை இருந்தது. போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒட்டி இருந்தால் ஒன்றின் புலத்தை மற்றது அழித்துவிடும். தள்ளி இருந்தால் புலம் அறைக்குள் வெகுதூரம் பரவும். பழைய வயரிங் இன்னும் உயிரோடு இருக்கும் கட்டடத்தில் அறையின் நடுவில் மீட்டர் ஏறினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நூலகத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு, இதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. வாசலில் நிற்கும் திருட்டுத் தடுப்பு வாயில். புத்தகத்துக்குள் ஒட்டிய காந்தப் பட்டையைக் கண்டுபிடிக்க அதில் சில வகைகள் விடாமல் மாறும் காந்தப் புலத்தை வீசிக்கொண்டே இருக்கும். இரவல் மேசையில் பட்டையைச் செயலிழக்கச் செய்யும் கருவியும் அப்படித்தான். புத்தகம் ஏற்றி இறக்கும் சிறு லிஃப்டின் மோட்டார், கீழ்த்தள விளக்குகளின் சோக் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊழியரிடம் சொல்லி அந்தத் தளத்தின் மின்சாரத்தை மெயினிலேயே பத்து நிமிடம் அணைக்கச் சொல்வதுதான் ஒரே தெளிவான சோதனை. அனுமதி கிடைக்கவில்லையா? அப்படியென்றால் அந்தத் தளத்தில் எடுத்த மீட்டர் அளவுகளைச் சான்றாகக் காட்டாதீர்கள்.

ஏற்றம் சரியான இடைவெளியில் வந்தால் கடிகாரத்தை எடுங்கள். பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் பம்ப் அல்லது கம்ப்ரசர்.

எல்லாம் பார்த்த பிறகும், கேள்விக்குப் பதிலாக விளக்கு எரிகிறது என்று தோன்றினால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு நிமிடமும் நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் கேள்வி, பூ விழுந்தால் மௌனம். அறுபது நிமிடம் முடிந்ததும் இரண்டு வகையிலும் எத்தனை தடவை விளக்கு எரிந்தது என்று எண்ணுங்கள். மௌனத்திலும் அதே அளவு எரிந்திருந்தால், விளக்குக்கும் கேள்விக்கும் தொடர்பில்லை.

அறிகுறி: ஓர் இடத்தில் மட்டும் குளிர்

வெப்பமானித் துப்பாக்கியை நடுக்காற்றில் நீட்டி, "இங்கே நான்கு டிகிரி குறைந்தது" என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருவிக்குக் காற்றின் வெப்பம் தெரியாது. எதிரில் முதலில் தட்டுப்படும் பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரைத்தான் அது படிக்கிறது. சிவப்புப் புள்ளி குறி பார்க்க மட்டும். 12-க்கு 1 என்று குறித்த கருவி பன்னிரண்டு அடி தூரத்தில் ஓர் அடி அகல வட்டத்தின் சராசரியைச் சொல்கிறது. கண்ணாடி, பளபளப்பான பித்தளை, வார்னிஷ் மின்னும் பரப்பு என்றால் பிரதிபலிப்பையும் சேர்த்துப் படித்துத் தவறாகச் சொல்லும். அதை நீட்டியபடி புத்தக அலமாரியிலிருந்து ஜன்னல் பக்கம் திரும்பினாலே அளவு சரசரவென்று இறங்கும்.

துப்பாக்கியை வைத்துவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை தானே பதியும் வெப்பப் பதிவி நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். குளிரும் இடத்தில் கணுக்கால் உயரத்தில் ஒன்று, தலை உயரத்தில் ஒன்று. பக்கத்து வரிசையிலும் அதேபோல் இரண்டு. கணுக்காலில் மட்டும் குளிர்ந்தால் உயர்ந்த ஜன்னலில் பட்டுக் குளிர்ந்த காற்று தரையோடு வழிந்து வருகிறது. கோதிக் ஜன்னல்களுக்குக் கீழே இது எப்போதும் நடக்கும். மாடிப்படி அருகே என்றால், சூடான காற்று மேலே ஏறி வெளியேற, கீழே கதவிடுக்கில் குளிர்க் காற்று உள்ளே இழுபடுகிறது.

காற்றின் திசையைப் பார்க்க நம் ஊர்ப் பழக்கத்தில் ஊதுபத்தி ஏற்றத் தோன்றும். நூலகத்துக்குள் வேண்டவே வேண்டாம், நெருப்புப் பொறி ஒன்று போதும். மெல்லிய டிஷ்யூ தாளைப் பட்டையாக வெட்டி நூலில் தொங்கவிட்டாலே காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: ஓரக்கண்ணில் சாம்பல் நிழல், உடம்பெல்லாம் வியர்வை

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்துப் பொறியாளர் விக் டாண்டிக்கு இதுதான் நடந்தது. இரவில் தனியாக ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது குளிர்ந்து வியர்த்தது, ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிந்தது, திரும்பிப் பார்த்தால் மறைந்தது. மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்காகத் தன் வாளைப் பட்டறைப் பிடியில் இறுக்கி வைத்தவர், வாள்நுனி தானாக அதிர்வதைக் கண்டார். புதிதாகப் பொருத்திய காற்று வெளியேற்றும் மின்விசிறி ஏறக்குறைய 19 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலி. விசிறியைச் சரிசெய்ததும் அந்த உணர்வு அடங்கியது. 1998-இல் அதை எழுதி வெளியிட்டார். எல்லா நிழலுக்கும் இதுவே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

உங்கள் ரெக்கார்டர் இந்த ஒலியைப் பெரும்பாலும் பிடிக்காது, 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும். கைப்பேசியில் உள்ள அதிர்வு உணரி பிடிக்கும். அதைக் காட்டும் செயலியைத் திறந்து, மேசைமேல் படுக்கவைத்து, 15 முதல் 20 ஹெர்ட்ஸ் பக்கம் கூர்மையான மேடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் காற்றோட்ட இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி மறுபடி பாருங்கள். இந்தச் சோதனைக்குக் கைப்பேசி வேண்டும், ஆகவே கே-2 வேலை முடிந்த பிறகு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ரெக்கார்டரில் ஒரு குரல்

1959-இல் ஸ்வீடனில் ஃபிரெட்ரிக் யூர்கென்சன் பறவைகளின் பாட்டைப் பதிவு செய்தபோது, போட்டுக் கேட்ட நாடாவில் மனிதக் குரல்கள் இருப்பதாக உணர்ந்தார். பின்னால் லாட்வியாவைச் சேர்ந்த கான்ஸ்டன்டின் ராவ்டிவே அதே வழியில் ஆயிரக்கணக்கில் பதிவுகள் சேர்த்தார். இன்றும் நூலக அறைகளில் ரெக்கார்டரை வைத்துவிட்டுக் கேள்வி கேட்பது அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

பிழை பெரும்பாலும் மூன்று இடங்களில் வரும். ஒன்று, தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. அறை அமைதியானால் கருவி தானே உணர்திறனை ஏற்றிவிடும், தன் சொந்த இரைச்சலே மூச்சுப்போல் கேட்கும். அதை அணைத்து, அளவைக் கையால் நிறுத்துங்கள். இரண்டு, சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வகை. சுருக்கும்போது மெல்லிய ஒலிகள் சிதைந்து, உலோகக் குரல்போல மாறும். சுருக்காத வேவ் (WAV) வகையில் பதியுங்கள். மூன்று, கை. ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு நடந்தால் விரல் உரசுவது கிசுகிசுப்பாகக் கேட்கும். மேசையில் மடித்த துணிமேல் வையுங்கள்.

குசுகுசுவென்று பேசுவதைக் குழுவில் தடை செய்யுங்கள். பேசினால் முழுக்குரலில் பேசட்டும். வயிறு இரைந்தால், நாற்காலி கிறீச்சிட்டால், உடனே "அது நான்" என்று சத்தமாகச் சொல்லிப் பதிவிலேயே குறித்துவிட வேண்டும். இன்னொரு ரெக்கார்டர் வெளியே தெருப் பக்கம் ஓடட்டும். உள்ளே கேட்ட குரல் வெளியிலும் பதிந்திருந்தால் அது சாலையில் போனவருடையது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு துண்டு மிஞ்சினால், அதில் என்ன சொல்கிறது என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சொன்ன பிறகு எல்லோருக்கும் அதுதான் கேட்கும். ரயிலின் தடதடப்பில் நாம் எந்தப் பாட்டை நினைக்கிறோமோ அது ஓடுவது நமக்குப் பழகியதுதானே. தமிழ்க் காதுக்கு எவன்ஸ்வில் நூலகத்திலும் தமிழ்ச் சொல்தான் முதலில் தட்டுப்படும். அந்தத் துண்டோடு, ஆள் இல்லாத பகலில் பதிந்த ஒன்பது துண்டுகளைக் கலந்து, அன்று கூட வராத மூன்று பேரிடம் தனித்தனியே கொடுங்கள். எதில் குரல் இருக்கிறது, என்ன சொல்கிறது என்று அவர்களே எழுதட்டும். மூன்று பேரும் ஒரே துண்டில் ஒரே சொல்லை எழுதினால் அதைப் பத்திரமாக வைத்திருங்கள். எனக்கு அப்படிப்பட்ட துண்டு ஒன்றைக் கேட்க மிகவும் ஆசை.

ஆவிப் பெட்டியில் குரல் வருகிறது என்பவர்களுக்கு: 2002-இல் ஃபிராங்க் சம்ப்ஷன் செய்த பெட்டியின் வழித்தோன்றல் அது. வானொலி நிலையங்களை நிற்காமல் துழாவிக்கொண்டே போகும் ரேடியோ. அலைகளைத் தடுக்கும் உலோக இழைப் பைக்குள் போடுங்கள். குரல் நின்றால் வந்தது வானொலி.

அறிகுறி: படத்தில் ஒளி உருண்டை, அல்லது ஒளி ஊடுருவும் ஆள்

உருண்டைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தால் முன்னால் மிதக்கும் தூசி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். குவியத்துக்கு வெளியே இருப்பதால் வட்டமாகத் தெரியும். பழைய புத்தகங்களுக்கு நடுவே தூசிக்குக் குறைவா? வெளிச்சத்தைக் கேமராவிலிருந்து ஒரு கை நீளம் தள்ளிப் பிடித்து மறுபடி எடுங்கள், மறைந்துவிடும். அகச்சிவப்பு விளக்கோடு வரும் இரவுக் கேமராவிலும் இதே கதைதான்.

ஒளி ஊடுருவும் ஆளின் கதை நீளமானது. 1891 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்தின் காம்பர்மியர் மாளிகை நூலகத்தை சிபெல் கார்பெட் என்ற பெண்மணி படம் எடுத்தார். இடப்பக்க நாற்காலியில் மங்கலாக ஒரு முதியவர் தலையும் கையும் தெரிந்தன. குதிரை வண்டி மோதி இறந்த காம்பர்மியர் பிரபுவின் இறுதிச் சடங்கு அதே நேரத்தில் வேறிடத்தில் நடந்துகொண்டிருந்தது. படத்துக்கு லென்ஸ் திறந்திருந்த நேரம் ஏறக்குறைய ஒரு மணி. அந்த ஒரு மணியில் யாராவது வந்து சில நிமிடம் உட்கார்ந்து எழுந்து போயிருந்தாலும் அப்படித்தான் பதியும். யாரும் வரவில்லை என்பதும் சொல்லப்பட்டது. நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தப் படத்தை என்னால் சும்மா தாண்டிப் போக முடிவதில்லை.

உங்கள் கைப்பேசியின் இரவு மோடு செய்வது அதே வேலைதான். சில விநாடிகள் திறந்திருந்து பல படங்களை ஒன்றாக அடுக்குகிறது. நடுவில் குறுக்கே போன நண்பர் பாதி உருவமாகப் பதிவார். ஆகவே இரவு மோடை அணையுங்கள். கேமராவை முக்காலியில் நிறுத்தி ஒரே அமைப்பில் மூன்று படம் தொடர்ந்து எடுங்கள். அந்த நேரத்தில் யார் எங்கே நின்றார் என்று தரைப்படத்தில் குறியுங்கள்.

அறிகுறி: ரெம்-பாட் கத்துகிறது, திரையில் குச்சி மனிதன்

ரெம்-பாட் தன் ஆன்டெனாவைச் சுற்றி ஒரு சிறு புலத்தை உண்டாக்கி, அது கலைந்தால் கத்தும். தொடாமலேயே கையசைத்து வாசிக்கும் தெரமின் இசைக்கருவியின் அதே தத்துவம். இரும்பு அலமாரிமேல் வைத்தால் நிலைகுலையும். மர முக்காலியில், உலோகத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். குச்சி மனிதனைக் காட்டும் கேமரா, 2010-இல் விளையாட்டுக்காக வந்த கினெக்ட் கருவிதான். அதன் மென்பொருள் எதிரில் ஆள் இருப்பார் என்று எதிர்பார்த்து மூட்டுகளைப் பொருத்திப் பார்க்கும். ஏணி, புத்தக வண்டி, நாற்காலியில் தொங்கும் கோட்டு எல்லாம் ஆளாகத் தெரியும். பொருளை நகர்த்துங்கள், மனிதனும் போய்விடுவான்.

அறிகுறி: வாசனை

காகிதம் சிதையும்போது எளிதில் ஆவியாகும் பல சேர்மங்கள் வெளியேறுகின்றன. வனிலா, பாதாம் போன்ற மணங்கள் அதில் உண்டு. கணப்பு ஓடத் தொடங்கும்போது மணம் திடீரென்று கூடும். மணம் வந்த நேரத்தையும் கணப்பு ஓடிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மல்லிகையோ ரோஜாவோ கலந்த செயற்கை வாசனையாக இருந்தால், முதலில் உங்கள் குழுவினரின் சோப்பையும் ஷாம்பூவையும் கேளுங்கள்.

அறிகுறி: புத்தகம் இடம் மாறியிருக்கிறது, விழுந்திருக்கிறது

டப்ளினில் 1707-இல் நிறுவிய மார்ஷ் நூலகத்தில், பேராயர் நார்சிசஸ் மார்ஷின் ஆவி இரவில் புத்தகங்களைப் புரட்டும் என்பது வழிவழியாக வரும் பேச்சு. அவர் வளர்த்த அண்ணன் மகள் 1695-இல் காதலனோடு போய்விட்டாள், மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தை ஏதோ புத்தகத்துக்குள் வைத்திருந்தாள் என்பார்கள். அவர் இன்னும் அதைத் தேடுகிறாராம்.

விழுந்த புத்தகத்துக்கு முதலில் தட்டின் மட்டத்தை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தளர்வாக அடுக்கிய வரிசையில் சாய்ந்து நிற்கும் புத்தகம் நாள் போகப் போக நழுவும், லாரி போகும் அதிர்வு மிச்சத்தைச் செய்துவிடும். ஈரப்பதம் ஏறி இறங்கினால் காகிதம் உப்பிச் சுருங்கி வரிசையே நெகிழும்.

இங்கிலாந்தின் பேய் ஆய்வாளர் ஹாரி பிரைஸ் 1937-இல் பார்லி பாதிரியார் இல்லத்தை ஓராண்டு வாடகைக்கு எடுத்தபோது, பொருள்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு வரைந்து வைக்கும் முறையைக் கையாண்டார்கள். கோட்டைத் தாண்டினால் நகர்ந்ததாகப் பொருள். அவருடைய பையில் கதவுகளை முத்திரையிட ஈய முத்திரைகள், நூல், அளவு நாடா, சத்தம் வராமலிருக்கக் காலணிமேல் போடும் கம்பளி உறை எல்லாம் இருந்தன. மின்விளக்கு சிமிட்டும் கருவிகளைவிட எனக்கு இவற்றின்மேல்தான் நம்பிக்கை. நூலகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகத்தைத் தொடாமல், நீங்கள் கொண்டுபோன புத்தகத்தைத் தாள்மேல் வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். காலடித் தடம் பார்க்கத் தரையில் மாவு தூவும் பழைய வழக்கம் இங்கே ஆகாது. மாவு பூச்சியைக் கூட்டும், பூச்சி புத்தகத்தைத் தின்னும். கதவுக்குக் குறுக்கே மெல்லிய பருத்தி நூல் போதும்.

அறிகுறி: பேட்டரி திடீரென்று தீர்ந்துவிட்டது

தடித்த சுவர் கொண்ட அடித்தளத்தில் கைப்பேசி சிக்னலுக்காகத் திணறிப் பேட்டரியைக் குடிக்கும். குளிரிலும் பேட்டரி சோரும், சட்டைக்குள் வைத்துச் சூடேற்றினால் கொஞ்சம் மீளும். ஒரே நாளில் வாங்கிய புதிய ஆல்கலைன் பேட்டரிகளில் ஒன்றைக் கருவியிலும் இன்னொன்றை அதே மாடல் கருவியில் வேறு தளத்திலும் போட்டு, இரண்டின் மின்னழுத்தத்தையும் மணிக்கொருமுறை அளந்து எழுதுங்கள்.

அறிகுறி: எதுவுமே நடக்கவில்லை

பெரும்பாலான இரவுகள் இப்படித்தான் போகும். அதையும் அதே கவனத்தோடு எழுதுங்கள்: எந்தக் கட்டத்தில், எத்தனை மணிக்கு, என்ன அளவு, யார் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிரதியை நூலகருக்குக் கொடுங்கள். அடுத்த ஆண்டு அதே மூலையில் இன்னொருவர் குளிரைக் கண்டால், ஒப்பிட உங்கள் வெறும் இரவுதான் அவருக்கு வேண்டும். கிளம்பும் முன் கட்டிய நூல்களை எண்ணி அவிழ்த்து, நாற்காலிகளைப் பகலில் எடுத்த படத்தில் இருந்தபடி போட்டு, வெப்பப் பதிவிகள் நான்கும் பையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.